‘உன் விரல்கள் எங்கே?’: சாட்ஸ்வொர்த் மழலையர் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், ஒரு தமிழ் அமைப்பின் கட்டடத்தில் எங்கள் மழலையர் பள்ளி நடக்கிறது. நான் பொறுப்பேற்றிருப்பது கிரேட் ஆர், அதாவது முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு வகுப்பு. ஐந்து வயது முடிந்து ஆறை நோக்கிப் போகும் பிள்ளைகள். ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஜூலு பேசுபவர்கள். தெலுங்கு, இந்தி வழிக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. வகுப்பு மொழி ஆங்கிலம். காலையில் சிறிது நேரம் தமிழ்ப் பாட்டும் விளையாட்டும் நடக்கும். பிள்ளைகள் பேசியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெற்றோர் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.

இந்த ஆய்வின் நடுவில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் இடது கையில் கட்டைவிரல் மட்டும் வளர்ந்து, மற்ற நான்கு விரல்களின் இடத்தில் பட்டாணி அளவு முனைகளோடு பிறந்த சிறுவன். மருத்துவர்கள் இதைச் சிம்பிராக்கிடாக்டிலி என்கிறார்கள். இன்னொருத்தி அவனருகில் உட்காரும் சிறுமி. வீட்டில் எல்லோரையும்விடக் கருத்த நிறம் அவளுக்கு. அவளுடைய பிரச்சினை எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

நடந்தது

பருப்புக் கடைந்து நண்டு ஊரவிடும் விளையாட்டைத் தமிழ் வீடுகளில் அறியாதவர் இல்லை. உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிக் கடைந்து, விரல் விரலாக மடக்கி, அம்மாவுக்கு ஒரு பங்கு, அப்பாவுக்கு ஒரு பங்கு என்று கொடுத்துவிட்டு, அக்குள்வரை நண்டை ஊரவிட்டுக் கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டும். ஜூலுப் பிள்ளைகளுக்கும் இது மிகவும் பிடித்துப்போயிற்று. இருவர் இருவராக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சிறுமி அவனுடைய இடது கையை எடுத்துக்கொண்டாள். கடைந்தாள். கட்டைவிரலை மடக்கி முதல் பங்கைக் கொடுத்தாள். அடுத்த விரலைத் தேடினாள். பிறகு வகுப்புக்கே கேட்கும் குரலில், “உன் விரல்கள் எங்கே?” என்றாள்.

அந்தக் குரலில் கேலி இல்லை. பங்கு கொடுக்க இடம் தேடியவள் கேட்ட நேரான கேள்வி அது. ஆனால் அருகில் இருந்த உதவி ஆசிரியை பதறிப்போனார். “உஷ்! அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. மன்னிப்புக் கேள்” என்று அவள் கையை விலக்கினார். சிறுமி அழுதாள். சிறுவன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு அந்தப் பையையே பார்த்தார்கள்.

உதவி ஆசிரியை செய்ததை நம் வீடுகளில் எல்லோரும் செய்வார்கள். நல்ல மனத்தோடுதான் செய்வார்கள். ஆனால் ஒரு நொடியில் அது கற்றுக்கொடுத்ததை எண்ணிப் பாருங்கள். கேட்டவளுக்கு, அந்தக் கை பேசத் தகாத ஒன்று என்று தெரிந்துவிட்டது. கேட்கப்பட்டவனுக்கு, தன் உடம்பில் மற்றவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அவன் அருகில் போய் உட்கார்ந்து, “நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். என்னைக் கைகாட்டினான். சிறுமியைப் பார்த்துச் சொன்னேன்: “அவன் பிறக்கும்போதே இந்தக் கை இப்படித்தான் இருந்தது. அவனுக்கு வலிக்காது. தொட்டால் யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது. நீ கேட்டதில் தப்பில்லை.” அவ்வளவுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்: “இனிமேல் வளருமா?” இதற்கு அவனே பதில் சொன்னான். “வளராது. கை பெரிதாகும், விரல் வராது.”

பிள்ளைகள் உண்மையில் கேட்பது

இந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை விதமாகக் கேட்டாலும் உள்ளே இருப்பவை சில கவலைகள்தான். வலிக்குமா? எனக்கும் வந்துவிடுமா? சரியாகிவிடுமா? யாராவது செய்தார்களா, அல்லது தப்புச் செய்ததற்குத் தண்டனையா? கடைசிக் கவலையைப் பெரியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தப்புச் செய்தால் உலகமே தண்டிக்கும், மாம்பழம் திருடியவன் கால் தானாகவே தடுக்கும் என்று சிறு பிள்ளைகள் நம்புவதை உளவியலாளர் பியாஜே 1930களிலேயே விளக்கியிருக்கிறார். விரல் இல்லாத கையைப் பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளை, ‘இவன் என்ன செய்தான்?’ என்று நினைப்பது இயல்பு. நாம் வாயை அடைத்தால் அந்த நினைப்பு அப்படியே தங்கிவிடும். அதனால்தான் பதில் குறுகியதாக, உண்மையானதாக, அந்தக் கவலைகளைத் தொடுவதாக இருக்க வேண்டும் என்கிறேன். மருத்துவப் பாடம் வேண்டாம். ‘கடவுள் அவனைத் தனிச்சிறப்பாகப் படைத்தார்’ என்பதும் வேண்டாம். அது அந்தச் சிறுவனைத் தனியே ஒதுக்கி உட்கார வைத்துவிடும்.

‘நாம் எல்லோரும் ஒன்றுதான்’ என்று சொல்லி முடித்துவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. எல்லோரும் ஒன்றில்லை என்பது பிள்ளைகளின் கண்ணுக்கே தெரிகிறது. கண் பார்ப்பதை ஆசிரியை மறுத்தால், ஆசிரியையின் மற்றப் பேச்சிலும் நம்பிக்கை போய்விடும்.

கையைப் பாடமாக்காமல்

அந்த மாதப் பாடத்திட்டத்தில் ‘நான்’, ‘என் உடல்’ என்ற தலைப்புகள் வந்தன. தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் கிரேட் ஆர் வாழ்க்கைத் திறன் பகுதியில் இவை உள்ளவைதான். கைகளைப் பற்றி ஒரு வாரம் முழுவதும் நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்துவிட்டேன். வகுப்பு முழுவதும் கைகளைப் பற்றிப் பேசினால் எல்லோருடைய பார்வையும் ஒரே கையில்தான் போய் விழும்.

மாறாக, ஒரே வேலையை ஒவ்வொருவரும் எப்படிச் செய்கிறோம் என்று பார்த்தோம். மதிய உணவு டப்பாவைத் திறப்பது, ஸ்வெட்டர் பொத்தானைப் போடுவது, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகுவது. பல்லால் கடித்துத் திறப்பவள் ஒருத்தி. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்பவன் ஒருவன். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளை மூடியை எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாகத் திருகப் பார்த்து, பிறகு நிறுத்தி யோசித்தது. நம் சிறுவன் டப்பாவை இடது உள்ளங்கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் அழுத்திப் பிடித்து, வலது கையால் ஒரே இழுப்பில் திறந்தான். உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி அன்று எல்லோருக்கும் முன்பாக அவன் வாயில் போனது. நெஞ்சில் அழுத்தும் அந்த முறையை மறுநாள் வேறு சிலரும் செய்து பார்த்தார்கள். அவனைப் பாராட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறை நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அதுதான் நான் விரும்பியது.

பருப்புக் கடையும் விளையாட்டையும் நிறுத்தவில்லை. இடது கையில் என்ன செய்வது என்பதை அவனே முடிவு செய்தான். கட்டைவிரல் அம்மாவுக்கு. சின்ன முனைகள் நான்கும் அன்று பிறந்த குழந்தைகளுக்கு, அவர்களுக்குச் சின்னப் பங்கு போதுமாம். அதன் பிறகு, வீட்டில் கைக்குழந்தை இருக்கும் பிள்ளைகள் அவனிடமே வந்து இடது கையைக் கேட்டார்கள். சில நாள் கொடுப்பான். சில நாள் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்பான். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நாங்கள் எல்லோருக்கும் பொதுவாக்கினோம். ஜூலுச் சிறுமி ஒருத்தியின் பின்னலைத் தொட்டுப் பார்க்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடங்காத ஆசை. தமிழ்ச் சிறுமிகளின் நீண்ட முடியைப் பிடித்து இழுக்க மற்றவர்களுக்கும் அப்படியே. கேட்டுவிட்டுத் தொடு, வேண்டாம் என்றால் விட்டுவிடு. இது வகுப்புச் சட்டமாயிற்று.

வீட்டில்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் கனத்த பகுதி இது.

சிறுவனின் அம்மாவையும் ஆயாவையும் அழைத்துப் பேசினேன். இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் அழைக்கிறோம். ஆயா உட்கார்ந்ததும் சொன்னார்: “டீச்சர், கிரகணத்தன்று இவள் காய் நறுக்கினாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.” அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மகன் பிறந்ததிலிருந்து அந்தப் பெண் அந்தக் கத்தியைக் கையில் ஏந்திக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்.

நான் ஆயாவிடம் வாதாடவில்லை. கர்ப்பிணிகள் கிரகணத்தில் வெளியே வரக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது என்பது அவருக்கு அவருடைய தாயார் சொன்னது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தபடி, மருத்துவரே கிடைக்காத காலத்தில் பிள்ளை பெற்றவர்களின் பயம் அதில் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னேன். “ஆயா, குழந்தையின் கை உருவாவது கருவுற்ற இரண்டாவது மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. நான்காவது வாரத்தில் மொட்டுப்போல ஒன்று தோன்றும். எட்டாவது வாரத்துக்குள் விரல்கள் பிரிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் மொட்டுக்குப் போகும் இரத்த ஓட்டத்தில் தடை வந்ததால் இப்படி ஆகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். தாய் செய்த எதனாலும் அல்ல. பொதுவாகப் பரம்பரையாகவும் வருவதில்லை. நீங்கள் கிரகணம் என்று சொல்லும் நாளில் இவருக்கு எத்தனை மாதம்?”

அம்மா மெல்லச் சொன்னார்: “ஆறாவது மாதம்.”

ஆயா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுவன் காதுபடக் கிரகணப் பேச்சு எடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். அது போதும். தன் கை அம்மாவின் தப்பால் வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டு வளர்ந்தால், கையை நேசிப்பதா அம்மாவை நேசிப்பதா என்று அவன் மனம் இரண்டாகிப்போகும்.

இன்னொன்றையும் கேட்டேன்: வீட்டுப் புகைப்படங்கள். அம்மா கைப்பேசியில் காட்டினார். தைப்பூசக் காவடியன்று எடுத்தது, பிறந்தநாள், தீபாவளி. எல்லாவற்றிலும் அவனுடைய இடது கை யாருடைய முதுகுக்குப் பின்னாலோ சேலை மடிப்பிலோ இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. படம் எடுக்கும்போது யாரோ ஒருவர் அந்தக் கையை மெல்லப் பின்னால் தள்ளுவார், அவ்வளவுதான். இப்படித்தான் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. பிறர் கண்ணில் படுவதற்குத் தன் உடம்பின் எந்தப் பாகம் தகுதி என்பதை அவனுக்கு முதலில் சொல்லித் தருவது குடும்பம்தான்.

அப்பா செயற்கைக் கை பற்றிக் கேட்டார். உள்ளங்கையும் கட்டைவிரலும் உணர்ச்சியோடு இருக்கும் பிள்ளைகள் பலர் செயற்கைக் கையைக் கழற்றி வைத்துவிடுவார்கள், அதன் வழியே தொடு உணர்வு கிடைக்காது என்று சொல்லி, முடிவை மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் விட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த சிறுவனிடம் இதைப் பற்றி அதுவரை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். “சைக்கிள் ஓட்ட வேண்டும்” என்றான். சைக்கிள் பிரேக்கை வலது பக்கம் மட்டும் வைத்துத் தரலாம் என்று அவன் அப்பாவுக்கு அப்போதுதான் தோன்றியது.

கிரேயான்

‘நான்’ தலைப்பில் எல்லோரும் தம்மை வரைந்தார்கள். விரல்களைத் தேடிய அந்தச் சிறுமி டப்பாவிலிருந்து வெளிறிய இளஞ்சிவப்புக் கிரேயானை எடுத்து முகத்தை நிரப்பினாள். பக்கத்திலிருந்தவன், “அது உன் நிறம் இல்லை” என்றான். “எனக்கும் தெரியும். குளித்தால் இப்படி ஆகிவிடுவேன்” என்றாள். மூன்று, நான்கு வயதில் நிறம் கழுவினால் போகும் என்று பிள்ளைகள் நம்புவது சாதாரணம். இந்த வயதில் அந்த நம்பிக்கை தங்கியிருந்தால் வீட்டில் யாரோ தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படித்தான் இருந்தது. தம்பி சிவப்பாகப் பிறந்திருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிக் கொஞ்சினார்கள். பெரியம்மா ஒருவர் அக்காவுக்குப் பயற்றமாவும் மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருந்தார்.

இதைச் சின்ன விஷயம் என்று விடுபவர்களிடம் கேட்கிறேன், நாம் எந்த நாட்டில் இருக்கிறோம்? 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991வரை ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவு செய்தது. முடியில் பென்சிலைச் செருகி அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து மனிதர்களின் தலைவிதியை எழுதினார்கள். இதே சாட்ஸ்வொர்த், எந்த இனம் எங்கே வாழலாம் என்று பிரித்த தனிப்பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நம் மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். தோல் நிறத்துக்காக வீட்டை இழந்தவர்களின் கொள்ளுப்பேத்திக்கு நாமே மஞ்சள் தேய்த்து நிறத்தைக் கழற்றப் பார்க்கிறோம். இதை எப்படித் தாங்குவது?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் இணையர் 1940களில் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டிச் சிறு பிள்ளைகளிடம் ‘எது நல்ல பொம்மை?’ என்று கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954 தீர்ப்பில் அந்த ஆய்வும் இடம்பெற்றது. அழகு எது என்ற பாடம் பிள்ளைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதற்கு அது சாட்சி.

வகுப்பில் வெளிறிய கிரேயானுக்கு இருந்த ‘தோல் நிறம்’ என்ற பெயரை முதலில் எடுத்தோம். பிறகு பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கறுப்பு வண்ணங்களை வைத்து, ஒவ்வொருவரும் தம் மணிக்கட்டோடு ஒட்டிப் பார்த்துத் தம் நிறத்தைக் குழைத்துக்கொண்டார்கள். சின்னக் குப்பியில் அடைத்து மேலே தம் பெயரை எழுதினார்கள். சாக்லேட், தேன் என்று உணவுப் பெயர் வைக்க நான் விடவில்லை. தின்பண்டத்தின் பெயர் ஒரு பிள்ளையின் தோலுக்கு எதற்கு? அந்த நிறத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரே போதும். வெள்ளை வண்ணம் இல்லாமல் யாருடைய நிறமும் வரவில்லை, பழுப்பு இல்லாமலும் யாருடையதும் வரவில்லை. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்தினார்கள்.

ஏன் இப்படி என்ற கேள்விக்கும் பதில் சொன்னோம். எல்லோருடைய தோலிலும் நிறம் செய்யும் சின்னச் சின்ன உயிரணுக்கள் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. சிலருடையவை நிறைய மெலனின் செய்கின்றன, சிலருடையவை கொஞ்சம். மெலனின் வெயிலிலிருந்து காக்கிறது. டர்பன் வெயிலில் நின்று பழகிய பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது.

அம்மாவிடம் பேசியபோது ஒன்றைச் சொன்னேன். ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுக்கும் களிம்புகளால் தோல் நிரந்தரமாகக் கெட்டுப்போனவர்கள் ஏராளமாக இருந்ததால், 1990-இல் அதை அழகுப்பொருட்களில் தடை செய்த நாடு இது. பயற்றமாவு தோலைக் கெடுக்காதுதான். ஆனால் அது சொல்லும் செய்தி களிம்பு சொல்வதேதான். அம்மா பெரியம்மாவிடம் பேசினார். பெரியம்மா கோபித்துக்கொண்டார்.

பள்ளியின் கடமை

ஒரு தந்தை, “இதெல்லாம் பெற்றோர் வேலை, பள்ளி எதற்கு?” என்றார். நியாயமான கேள்விதான். 1996 அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு இனம், ஊனம், பிறப்பு எதைக் காட்டியும் பாகுபாடு கூடாது என்கிறது. அதோடு, நம் ஊரிலேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் இந்துக் குடும்பத்து மாணவி மூக்குத்தி போட்டுவர அனுமதி மறுக்கப்பட்டது. மாணவியின் குடும்பப் பெயரால் ‘பிள்ளை வழக்கு’ என்று அறியப்படும் அதில், 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி பயஸ் லாங்கா. எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லிப் பள்ளி ஒதுங்கிவிட முடியாது, வேறுபாட்டுக்கு இடம் செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். உள்ளடக்கும் கல்வி பற்றிய 2001-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையும், அதாவது அரசின் கொள்கை அறிக்கையும், அதே திசையில்தான் நிற்கிறது. மூக்குத்திக்கு இடம் கேட்டு வென்ற சமூகம், விரலில்லாத கைக்கும் கருத்த முகத்துக்கும் வகுப்பில் இடம் செய்ய வேண்டாமா என்று அவரிடம் கேட்டேன்.

மாறியது, மாறாதது

சிறுவன் வகுப்பில் கையைப் பையில் வைப்பதை விட்டுவிட்டான். கோயில் கூட்டத்தில் இன்னமும் வைக்கிறான். அவனை வற்புறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சிறுமி தன் குப்பி நிறத்தில் தன்னை மூன்று விதமாக வரைந்தாள். ஆனால் ஒரு நாள், தம்பிக்குத் தன் நிறத்தைக் கொடுத்து அவன் நிறத்தை வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றுதான் சொன்னேன். அன்று முழுவதும் அவளோடு இருந்தேன்.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்றும் வந்தது. அடுத்த பருவத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கையைப் பற்றிக் கேட்டபோது, பழைய பிள்ளைகள் ஓடிவந்து பெருமையோடு பதில் சொன்னார்கள்: “அவன் அப்படியே பிறந்தான்! வலிக்காது! ஒட்டிக்கொள்ளாது!” சிறுவன் முகம் சுருங்கிப்போனது. அவனுடைய கதையை எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். ‘அது அவன் சொல்ல வேண்டியது. அவன் கேட்டால் மட்டும் உதவு’ என்று மறுபடியும் முதலிலிருந்து கற்றுத்தர வேண்டியிருந்தது. அன்பு மிகுந்தாலும் அடுத்தவர் உடம்பின் மேல் கை வைத்துவிடும் என்பதை இந்த நிகழ்வில்தான் தெளிவாகப் பார்த்தேன்.

இப்போது அவன் முதல் வகுப்புக்குப் போகிறான். புதிய ஆசிரியைக்கு ஒரு பக்கக் குறிப்பை அம்மாவும் நானும் சேர்ந்து எழுதினோம், அவனுக்குப் படித்துக் காட்டினோம். கத்தரிக்கோலை வலது கையில் பிடிப்பான், தாளை இடது உள்ளங்கையால் அழுத்திக்கொள்வான், தாள் நழுவாத பாய் ஒன்று மேசையில் இருந்தால் நல்லது. முதல் நாளில் அவனை எழுப்பி நிறுத்திக் கையைக் காட்டச் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் முதலில் அவன் பேசட்டும். எழுதுவதற்குக் கூடுதல் நேரம் தேவையில்லை. சட்டைப் பொத்தானுக்குத் தேவை. இதைக் கேட்டுவிட்டு, பந்து பிடிக்கும் ஆட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொன்னான். எழுதியிருக்கிறோம்.